ஸ்கோப்பைத் திருகினது யாரு?

…அப்போ நான் பொய் சொல்றேங்கிறீங்களா? இல்லம்மா, நீங்க வாயால சொல்லல, உங்க முகம் சொல்லுது. கையில வாங்கி ஒரு நிமிஷம் ஆகல. மேல ஒரு பார்வை, கீழ ஒரு பார்வை, உடனே ‘நல்லாத்தானே இருக்கு’ன்னா எப்படி? நல்லா இருந்தா நான் எதுக்கு ரெண்டு பஸ் மாறி இந்த வெயில்ல உங்க கடைக்கு வரேன்? எனக்கென்ன வேண்டுதலா?

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. கடையில வேற யாரும் இல்லையா, பெரியவங்க…? நீங்கதான் கடையா! சரி சரி. வெளிய போர்டுல ‘கேமரா லென்ஸ், பைனாகுலர், துப்பாக்கி ஸ்கோப் பழுது பார்க்கப்படும்’னு இருந்துச்சா, யாரோ ஆம்பளைன்னு நானா நினைச்சுக்கிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க வீட்லயும் ஃப்யூஸ் போனா போடுறது என் சம்சாரம்தான். நான் மைக் செட்காரன், காலம்பூரா கரண்ட்டோட குடும்பம் நடத்தினவன். ஆனா வீட்டு ஃப்யூஸ் அவதான். அது வேற கதை, விடுங்க.

விஷயத்துக்கு வரேன். இந்த ஸ்கோப்பை யாரோ வேணும்னே திருகிக் குறியைக் கெடுத்திருக்காங்க. அதை உங்க கடை பேர் போட்ட தாள்ல ரெண்டே வரி எழுதிக் குடுங்க. அவ்ளோதான் உங்க வேலை. சாயந்திரம் எங்க வீட்ல ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காந்து பேசப் போறாங்க. என் பையன் கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு அங்கதான் முடிவு. அதுக்குள்ள என் கையில ஆதாரம் இருக்கணும்.

என்னது? ஸ்கோப்புக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தமா? நல்லாக் கேட்டீங்க போங்க! ஸ்கோப்பைக் கெடுத்தவனே என் சம்பந்திம்மா!

உக்காந்துக்கவா? முட்டி ஒத்துக்க மாட்டேங்குது. நான் துப்பாக்கி சுடுறது படுத்துக்கிட்டே சுடுற போட்டிதான், ஆனா எந்திரிக்கணுமே! சுடும்போது பத்துக்கு எட்டு, எந்திரிக்கும்போது பத்துக்கு ரெண்டு. ம்… சொல்றேன், ஆரம்பத்துலருந்து சொல்றேன்.

ஊருக்கு வெளிய துப்பாக்கி சுடுற க்ளப் ஒண்ணு இருக்குல்ல? அங்க நான் மெம்பர். டாக்டர் என்னை நடக்கச் சொன்னாரு. நடந்தா மூச்சு வாங்குது, அதனால படுத்துக்கிட்டே செய்யிற விளையாட்டு எதுன்னு தேடினேன், இது அமைஞ்சுது. அங்க ஒரு சட்டம், துப்பாக்கியை யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. உள்ள ஒரு அறை, இரும்புக் கதவு. சுட்டு முடிச்சதும் ஸ்கோப்போட அப்படியே உள்ள வச்சுப் பூட்டிடுவாங்க. சாவி ஒரே ஆள்கிட்டதான். அறைக்காரர்னு சொல்லுவோம். அந்த அறைக்காரரோட பொண்ணுதான் நாங்க பார்த்திருக்கிற பொண்ணு.

நாங்க எங்க பார்த்தோம்? என் பையன் பார்த்துக்கிட்டான். ஞாயித்துக்கிழமையானா ‘அப்பா, வாங்க, நான் கார்ல கொண்டு போய் விடறேன்’பான். பய என்மேல இவ்ளோ பாசமா இருக்கானேன்னு நானும் பூரிச்சுப் போய்ட்டேம்மா. அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்! கடைசில பார்த்தா அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துட்டு அங்க வருமாம். நான் குப்புறக் கிடந்து சுட்டுக்கிட்டு இருக்கேன், இவன் அங்க உக்காந்தபடியே குறி வச்சிருக்கான்.

போகட்டும், நல்ல பொண்ணு. குறை சொல்ல முடியாது. என் சம்சாரத்துக்கு என்னைவிட அதைத்தான் பிடிக்குது. மண்டபம்கூடப் பேசியாச்சு. அப்பத்தான் இந்த ஸ்கோப் வந்து சேர்ந்துச்சு.

பழைய ஸ்கோப் மங்கிப் போச்சுன்னு புதுசா வாங்கினேன். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். துப்பாக்கி மேல மாட்டின ஸ்கோப்புக்குள்ள கண்ணை வச்சா தெரியிற கூட்டல் குறியும், குண்டு போய் விழுற எடமும் ஒண்ணா இருக்கணும். அதுக்குத்தான் ஜீரோ பண்றதுன்னு சொல்றாங்க. மேல ஒரு திருகு, அது குண்டை ஏத்தும் இறக்கும். பக்கத்துல ஒரு திருகு, அது இடமும் வலமும் தள்ளும். சுடணும், போய் இலக்கு அட்டையைப் பார்க்கணும், டிக் டிக்னு திருகணும், மறுபடி சுடணும்.

மொதல்ல நான் ஒரு குண்டுக்கு ஒரு திருகுன்னு போய்க்கிட்டு இருந்தேன். மேல போச்சா, கீழ திருகு. கீழ போச்சா, மேல திருகு. ஆட்டுக்குட்டியைத் துரத்துற மாதிரி குறியைத் துரத்திக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு டப்பா குண்டு காலி, அட்டை நடுவுல ஒரு பொத்தல் இல்ல, சுத்தி மட்டும் சல்லடை. அறைக்காரர் வந்து மெதுவா பக்கத்துல உக்காந்தாரு. ‘திருகைத் தொடாம அஞ்சு குண்டு ஒரே மாதிரி சுடுங்க. அஞ்சும் எங்க போய்க் கூடுதுன்னு பாருங்க. அப்புறம் திருகுங்க’ன்னாரு. செஞ்சேன். நச்சுன்னு நடுவுல வந்துடுச்சு! வாங்கினப்போ இருந்ததுலருந்து எண்ணினா மேல பன்னெண்டு டிக்கு, வலப்பக்கம் எட்டு டிக்கு. சொல்லிக் குடுத்ததே அந்த ஆளுதாம்மா. அதான் எனக்கு வயித்தெரிச்சல்! ஏணியையும் அவனே போட்டுட்டு, அதை அவனே உருவிட்டான்.

பின்ன என்ன? அடுத்த ஞாயித்துக்கிழமை போறேன், மொதக் குண்டு போடறேன், எங்க விழுது? கீழ, இடப்பக்கம் ஓரத்துல! சரி, கை நடுங்கிருச்சுன்னு இன்னும் நாலு போட்டேன். நாலும் அங்கயே. திரும்பத் திருகி நடுவுக்குக் கொண்டு வந்தேன். அடுத்த வாரம்? மறுபடியும் கீழ, இடப்பக்கம். அதுக்கடுத்த வாரம்? அதேதான்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மேல பன்னெண்டு, வலப்பக்கம் எட்டு. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.

என்ன, கண்ணைச் சுருக்கறீங்க? ஆமாம்மா, ஒவ்வொரு வாரமும் அதே பன்னெண்டு, அதே எட்டு. அங்கதான் நீங்க யோசிக்கணும். தானா கெட்டுப்போற ஸ்கோப்பா இருந்தா ஒரு நாள் மேல போகும், ஒரு நாள் பக்கத்துல போகும். இது வாராவாரம் பிசகாம ஒரே எடத்துக்கு வருதுன்னா? கெடுக்கிறவன் எவ்ளோ கைதேர்ந்த ஆளா இருக்கணும்! இவ்ளோ கச்சிதமா, பொறுமையா, மறக்காம ஒரு மனுஷன் கெடுக்கிறான்னா அவனுக்குத் தொழில் தெரியணும், மனசுல வஞ்சம் இருக்கணும், சாவியும் இருக்கணும். மூணும் யார்கிட்ட இருக்கு?

அவசரப்பட்டு நான் யார் மேலயும் பழி போடல. ஆராய்ச்சி பண்ணேன். ஸ்கோப்பைத் துப்பாக்கியோட சேர்த்துப் பிடிக்கிற திருகாணி இருக்குல்ல, அது லூசாகுதோன்னு சம்சாரத்தோட நகப்பாலிஷை எடுத்து அதுமேல தடவி வச்சேன். யாராவது திருகினா விரிசல் விட்டுடும்ல? ஆமா, சிவப்புதான். க்ளப்ல எல்லாரும் சிரிச்சானுங்க, சிரிக்கட்டும். அடுத்த வாரம் பார்த்தா பாலிஷ் அப்படியே இருக்கு, குறி மட்டும் போயிருக்கு. சரின்னு, ஸ்கோப் திருகுகளுக்குப் போடுற மூடி மேல டேப் ஒட்டினேன். டேப்பும் அப்படியே இருக்கு! ஒரு கிழிசல் இல்ல! அப்போ பார்த்துக்குங்க, டேப்பைக் கிழியாம எடுத்து, திருகிட்டு, கிழியாம ஒட்டியிருக்கான். அன்னைக்குத்தாம்மா நான் உண்மையாவே பயந்து போனேன். இவ்ளோ கெட்டிக்காரன் வீட்ல போய்ப் பொண்ணு எடுக்கறோமேன்னு.

எதுக்குக் கெடுக்கணுமா? போட்டிம்மா, போட்டி! ஐம்பது வயசு தாண்டினவங்களுக்குப் பெரிய போட்டி வருது. எங்க க்ளப்லருந்து ஒரே ஒரு ஆள். சுடுறதுக்கு ரெண்டு பேர்தான் லாயக்கு. ஒண்ணு அவரு. இன்னொண்ணு… நானே என் வாயால சொல்லக் கூடாது. க்ளப்ல என்னைக் கணக்குலயே சேர்க்கலன்னு சிலர் சொல்றாங்க, அது பொறாமை. மாப்பிள்ளையோட அப்பா தன்னைவிட ஒரு படி ஒசந்துடக் கூடாதுன்னு நினைக்கிறவங்க உலகத்துல இருக்கத்தானே செய்றாங்க?

கத்தினேன். ஆமா, போன ஞாயித்துக்கிழமை கத்திட்டேன். மொதக் குண்டு அதே எடத்துல விழுந்துச்சு, எந்திரிச்சேன்… எந்திரிக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு… எந்திரிச்சு, எல்லார் முன்னாடியும், ‘வேலியே பயிரை மேயுதுய்யா! சாவியை வச்சுக்கிட்டு சம்பந்தி பண்ற வேலையா இது!’ன்னு கேட்டேன். என் குரல் உங்களுக்குத் தெரியாது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேக்கும். பொண்ணு அங்கதான் நின்னுச்சு, கையில சாப்பாட்டுப் பையோட. அவரு ஒரு வார்த்தை பேசல. சாவியை எடுத்து மேஜை மேல வச்சாரு, பொண்ணைக் கூட்டிக்கிட்டு நடந்து போய்ட்டாரு. நடந்து! பஸ்ஸுக்குக்கூட நிக்கல. நான் ஸ்கோப்பை மட்டும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். தப்பு பண்ணாதவன்னா திருப்பிக் கத்தணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

…சொல்ல மாட்டேங்கறீங்க. பரவால்ல. வீட்லயும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. பையன் என்னைப் பார்த்தா எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிடறான். அதான் இன்னைக்குப் பஸ்ஸு. சம்சாரம் தட்டை வைக்கிறா, சத்தம் மட்டும் வருது, பேச்சு வரல. ஒரே ஒரு தடவைதான் வாயைத் தொறந்தா. ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்’னா. அவளுக்கு என்னம்மா தெரியும்? நான் ஒரு பொருளை எப்படி வச்சிருப்பேன்னு தொழில்ல கேட்டுப் பாருங்க.

மைக் செட்டு வேலைல ஒரு ஒழுங்கு இருக்கு. விழா முடிஞ்சுதா, பெட்டியை மூடறதுக்கு முன்னாடி அத்தனை திருகையும் கீழ இறக்கிடணும். ஒரு தடவை என்கிட்ட வேலை பார்த்த ஒருத்தன் சத்தத்தை இறக்காம அப்படியே மூடிட்டான். மறுநாள் ஒரு ஸ்கூல் விழா. ஸ்விட்சைப் போட்டேன் பாருங்க, ‘கீஈஈஈ’ன்னு ஒரு கத்தல்! மேடையில தலைமை தாங்க வந்த மனுஷன் நாற்காலியோட பின்னாடி சாஞ்சுட்டாரு. அதுலருந்து என் கை தன்னால போயிடும்மா. எதைத் தொட்டாலும் முடிச்சதும் இருந்த எடத்துக்குக் கொண்டு வந்துடுவேன். ரேடியோ, அடுப்பு, ஃபேன். அவ தூங்கிட்டு இருக்கும்போதே ஃபேனை இறக்கிட்டேன்னு ஒரு வாரம் சண்டை. அப்படிப்பட்டவன் நான். என்னைப் போய் ஆடத் தெரியாதவங்கிறா!

என்ன பண்றீங்க? ஓ, டெஸ்ட் பண்றீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. இந்தப் பெட்டிக்குள்ள என்ன, புள்ளி மாதிரி தெரியுது? ஓஹோ, கூட்டல் குறியை இந்தப் புள்ளியோட ஒத்துப் பார்த்து, சுடாமலே கண்டுபிடிக்கலாமா! … இந்தப் பக்கம் திருகறீங்க… திருப்பி அந்தப் பக்கம் திருகறீங்க… பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்குது. ம். ஒரு முடியளவுகூட மாறல. … மேல தட்டிப் பார்த்தும் நகரல.

அப்போ ஸ்கோப்புல குறையே இல்லங்கிறீங்க. அதைத்தானேம்மா நான் வந்ததுலருந்து தொண்டை கிழியச் சொல்றேன்! ஸ்கோப் சரியா இருந்தா ஆள்தானே தப்பு? எடுங்க தாளை, எழுதுங்க.

ஒரு கேள்வியா? கேளுங்க. … ஞாயித்துக்கிழமை சுட்டு முடிச்சதும் நான் என்ன பண்ணுவேனா? என்ன பண்ணுவேன், துடைச்சு வைப்பேன். … செஞ்சே காட்டணுமா? சரி, குடுங்க.

மொதல்ல என் குறியை வைக்கிறேன். மேல பன்னெண்டு… வலப்பக்கம் எட்டு. ஆச்சு. நீங்க உங்க புள்ளியை அதுக்கு நேரா நகர்த்திட்டீங்களா? சரி, இதுதான் என் நடு. நச்சுன்னு இருக்கு பாருங்க. சுட்டாச்சு, முடிச்சாச்சு. இப்ப மத்தவங்க எல்லாம் அப்படியே போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவானுங்க. நான் அப்படி இல்ல. துணியை எடுப்பேன். முன் கண்ணாடி, பின் கண்ணாடி. அப்புறம் திருகு. இங்க ஒரு சின்னக் கோடு போட்டிருக்கான் பாருங்க, அந்தக் கோட்டுக்கு நேரா ரெண்டையும் கொண்டு வந்துடுவேன். டிக் டிக் டிக் டிக்… கேக்கறீங்களா, என்ன சுகமான சத்தம்! இதுவும் டிக் டிக் டிக்… கோட்டுக்கு வந்துடுச்சு. புதுசு மாதிரி ஆயிடுச்சா? மூடியைப் போட்டு, டேப்பை ஒட்டி, அறைக்காரர் கையில குடுத்துடுவேன். இதுக்கு மேல ஒரு பொருளை எவன் பத்திரமா வைப்பான்?

…என்னம்மா, அப்படிப் பார்க்கறீங்க?

மறுபடியும் பெட்டிக்குள்ள பார்க்கணுமா? நீங்க சொன்னா பார்த்துட்டுப் போறேன். … ம். கூட்டல் குறி புள்ளியை விட்டுப் போயிருக்கு. எங்க போயிருக்கு… மேல, வலப்பக்கம். அப்பாடா! என்னோடது கீழ, இடப்பக்கம் போறது. இது மேல, வலப்பக்கம். இது வேற, அது வேற!

என்னது?

கூட்டல் குறி மேல ஏறினா… அதை இலக்குல வைக்கத் துப்பாக்கியை இறக்கிப் பிடிப்பேனாம், குண்டு கீழ இறங்குமா. வலப்பக்கம் போனா… இடப்பக்கமா.

…

ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?

…இல்ல, நான் என்ன கேக்கறேன், அப்புறம் எதுக்கு அந்தக் கோட்டைப் போட்டு வச்சிருக்கான்? கோடுன்னு ஒண்ணு இருந்தா மனுஷன் அங்க கொண்டு வருவானா மாட்டானா? … இந்தப் பொடித் திருகாணியா? இதைத் தளர்த்திட்டு, வெளி வளையத்தை மட்டும் சுத்திக் கோட்டுக்குக் கொண்டு வரணுமா, உள்ள இருக்கிறது அசையாம? நான் இது அழகுக்கு வச்சிருக்கான்னு நினைச்சேன். அதைப் பெருசா வச்சா என்ன கேடு இவனுக்கு? அறைக்காரராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? … அவர் எப்படிச் சொல்லுவாரு? என் டிக் கணக்கை அவர் பார்த்துடக் கூடாதுன்னு நான்தான் முதுகைக் காட்டி உக்காந்து திருகுவேன். அதுக்கு மேல டேப்பு வேற. என் டேப்பு. அது எப்படிக் கிழியும்?

அந்த மனுஷன் நடந்தே போனாரும்மா. பொண்ணு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போச்சு. நான் அப்பவும் ‘பார்த்தீங்களா, பேச வாயில்ல!’ன்னு கத்திக்கிட்டு நிக்கிறேன். அசிங்கமா இருக்கும்மா. ரொம்ப அசிங்கமா இருக்கு. சாயந்திரம் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவர் எதிர்ல உக்காருவேன்?

இப்படிப் பண்ணலாமா? … நான் சொல்றதை முழுசாக் கேளுங்க, அப்புறம் தலையை ஆட்டுங்க. ஸ்கோப் உள்ளுக்குள்ள பழுதுன்னு எழுதிக் குடுத்துடுங்களேன். ஸ்கோப்பு மேல தப்புன்னா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. அவர் மேலயும் தப்பு இல்ல, என் மேலயும்… அவ்ளோவா இல்ல. … பொய் எழுத மாட்டீங்களா. சரி, நியாயம். உங்களுக்குத் தொழில் தர்மம். அப்போ பழுதாக்கிட்டு எழுதலாம்ல? பழுதாக்கிட்டா அது பொய் இல்லையே! உள்ள ஏதாவது ஒரு ஸ்பிரிங்கை மட்டும்… மாட்டீங்க. சரி. குடுங்க இப்படி. நானே…

ஐயையோ! பார்த்தீங்களா, கை தவறி விழுந்துடுச்சு! சிமெண்ட் தரைல, எவ்ளோ பெரிய சத்தம்! போச்சு, போயே போச்சு, கண்டிப்பா உடைஞ்சிருக்கும். வச்சுப் பாருங்க, வச்சுப் பாருங்க.

…என்ன ஆச்சு?

அப்படியே இருக்கா? ஒரு முடிகூட நகரலயா? பாழாப்போற கம்பெனிக்காரன், இவ்ளோ நல்லாவா செஞ்சு தொலைப்பான்!

இருங்க, ஃபோனு. சம்சாரம்தான். ஒரு வாரமா முகம் குடுத்துப் பேசாதவ இப்பத்தான் கூப்பிடணுமா… எடுக்காம விட்டுடலாமா? … நீங்களும் எடுங்கன்னுதான் சொல்றீங்க.

அலோ. … ம், கடையிலதான் இருக்கேன். … பார்த்தாச்சு, பார்த்தாச்சு. … ஆமா, திருகியிருக்கு. … ஆமா, யாருன்னும் தெரிஞ்சு போச்சு. … அதை நேர்ல வந்து சொல்றேனே. … ஃபோன்ல வேணாம்டி, சொன்னாக் கேளு. … யாரு? யாரு வந்திருக்கா? சாயந்திரம்தானே வரச் சொன்னோம்? … தூக்கமே இல்லையாமா அவருக்கு. … பொண்ணுமா. … இல்ல, ஸ்பீக்கர்ல போடாத. வேணாம்னு சொல்றேன்ல… போட்டுட்டியா.

சம்பந்தி… நான்தாங்க பேசறேன். … இல்லங்க, நீங்க எதுவும் சொல்ல வேணாம். நான் சொல்லிடறேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லங்க. திருகினது நான்தான். வாராவாரம், என் கையாலயே, துடைச்சு, கோட்டுக்குக் கொண்டு வந்து, மூடி போட்டு, டேப்பும் ஒட்டி, உங்க கையில குடுத்திருக்கேன். … ஆமாங்க, அந்தப் பொடித் திருகாணிதான். … தளர்த்தலைங்க. … என்னை மன்னிச்சுடுங்க. பொண்ணுகிட்டயும் சொல்லுங்க. …

என்னமோ சத்தம் கேக்குதும்மா. … இருங்க. … சிரிக்கிறாரு! என் பையனும் சிரிக்கிறான், எனக்குக் கேக்குது! … சிரிங்க சம்பந்தி, வயிறு வலிக்கச் சிரிங்க, உங்களுக்கு இல்லாத உரிமையா? அப்போ கல்யாணம்… அப்பாடா. நல்லா இருங்க. … ஒரே ஒரு வேண்டுகோள்ங்க. நம்ம வீட்டுக்குள்ள உண்மை தெரிஞ்சாப் போதாதா? க்ளப்ல மட்டும் ஸ்கோப்புல ஏதோ சின்னப் பழுதுன்னு சொல்லிடலாமே?

…என்ன? … எல்லார் முன்னாடியும் நானே சொல்லணுமா. … கத்தினது எங்கயோ அங்கயேவா. சரி, நியாயந்தான். ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன். … மைக்லயா? மைக் எதுக்குங்க, அங்க ஏது மைக்கு? …

மைக் செட்டும் நானே கொண்டு வரணுமா!